மூன்றேகால் வரைக்கும்

அமலோற்பவம் இந்த உல்லாசக் கப்பலில் ஏறியது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மகன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பலை மூன்று மாதமாகக் கைப்பேசிச் செயலியில் பின்தொடர்ந்து, அது இந்தப் பக்கம் வரும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுத்திருந்தாள். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று அவன் அப்பா சொன்ன நாளிலிருந்து, நான்கு வருடமாக அவனிடமிருந்து ஒரு போன் இல்லை.

இப்போது திரையில் இரண்டு கப்பல்களின் அம்புக்குறிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அவள் மேல்தளக் கம்பியில் சாய்ந்து, மகனின் பழைய மஞ்சள் போர்வையை இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தாள். எதிரே கடல் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

கணவர் கஸ்பார் பக்கத்து நாற்காலியில் கிடந்த கைப்பேசியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"போதும்ட்டி. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கான் பாரு. இது நாலு மணி நேரத்துக்கு முன்னால உள்ள இடம். அந்தக் கப்பல் எப்பவோ போயிட்டு."

அவள் வீசுவதை நிறுத்தவில்லை. "அவன் போன்லயும் இது இருக்கும்லா? நாம இங்க நிக்கது அவனுக்கும் நாலு மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். அவன் பாக்கிற நேரம் நான் கை ஓஞ்சு உக்காந்திருக்கவா?"

காற்று போர்வையைப் பிடுங்கப் பார்த்தது. அவள் தோள் நடுங்கியது. கஸ்பார் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகால். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, போர்வையின் மறுமுனையைப் பற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் ஒசத்திப் பிடி," என்றார்.