பத்து மணிச் சைபர்

“இன்னிக்கும் மிஷின நிறுத்திட்டுத் தூங்கப் போறியா, குமுதா?”

கேட்டுக்கொண்டே தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி சசிதரன் உள்ளே நுழைந்தார். வெளியே மலைக்குளிர் கடித்தது. உள்ளே தேயிலை காயவைக்கும் அடுப்பின் அனல். வழக்கம்போல் ஜாக்கெட்டைக் கழற்றிக் கம்பத்து ஆணியில் மாட்டினார். பின்னாலேயே தோட்ட நிர்வாகியான துரையும் வந்துவிட்டார்.

தேயிலையை உருட்டும் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள் குமுதா. பதினெட்டு வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்து, முட்டி தேய்ந்தபின் கிடைத்த வேலை இது. அதற்கும் வந்தது வினை.

மூன்று நாளைக்கு முன்புதான் மிஷின் சக்கரத்தின் சுற்றை எண்ண ஒரு சின்னக் கண்ணைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதிலிருந்து போகும் சிவப்பு வெளிச்சம், சக்கரத்தில் ஒட்டிய வெள்ளி ஸ்டிக்கரில் பட்டுத் திரும்பினால் ஒரு சுற்று. கணக்கு நேரே துரையின் போனுக்குப் போய்விடும். பிள்ளையாரைக் கும்பிடுவதுபோல் தினமும் அதைக் கும்பிட்டுத்தான் குமுதா சுவிட்சைப் போடுவாள். அதுவே காட்டிக்கொடுத்தால் யாரிடம் போய் அழுவது?

“மூணு நாளா பத்து மணிக்குச் சைபர், துரை! நான் இங்க எட்டிப் பார்த்துட்டு, தேத்தண்ணி ருசி பார்க்குற ரூமுக்குப் போய்த் திரும்புற இருபது நிமிஷந்தான். என் தலை மறைஞ்சதும் நிறுத்திடுது இந்தப் பொம்பள. பேசாம கொழுந்தெடுக்க மலைக்கே அனுப்பிடலாம்.”

“முனியாண்டி சாமி சத்தியமா நான் நிறுத்தலைங்க!”

துரை போனைப் பார்த்தார். சைபர். நிமிர்ந்தார். எதிரே சக்கரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஓடுதே! கண்ணு கெட்டுப்போச்சா?”

கிராணி விடவில்லை. “மத்த நேரமெல்லாம் ஒழுங்கா எண்ணுதே துரை. பத்து மணிக்கு மட்டும் கெடுமா லா?”

குமுதா குனிந்து பார்த்தாள். ஸ்டிக்கர் பளபளவென்று பத்திரமாகத்தான் சுற்றியது. அதன்மேல் விழவேண்டிய சிவப்புப் புள்ளியைத்தான் காணோம். கண் இருந்த கம்பத்துப் பக்கம் திரும்பினாள். கண்ணையும் காணோம்!

அடுத்த நொடி அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“கிராணி ஐயா, மலைக்கு உங்க ஜாக்கெட்ட அனுப்புங்க லா!”