சிஸ்டம் ஏத்துக்கல

இருட்டின பிறகு அந்தச் சத்தம் கேட்டது. யாரோ இரும்புப் பெட்டியைத் தரையோடு தரையாக இழுப்பது போல.

வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். வீட்டில் நானும் இரண்டு மாதக் குழந்தையும்தான். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் துடைப்பம். மெல்லப் போய்ப் பார்த்தால், வாஷிங் மெஷின் ஒரு அடி நகர்ந்து, சுவரில் முட்டி, உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

காலையில் இவர் வந்ததும் சொன்னேன்.

“தையல் போட்ட வயித்தோட துணி தோய்க்க என்னால முடியாதுங்க.”

“இருந்ததையெல்லாம் வாங்கப்போற வீட்டுக்கு முன்பணமா கொடுத்தாச்சே. தவணையில ஒண்ணு எடுத்துடு.”

வீட்டுக் கடன் ஓகே ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க இன்னும் பத்து நாள். வாடகை வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மாதக் கடைசியில் காலி செய்தே ஆகவேண்டும்.

“கையெழுத்து ஆகிற வரைக்கும் புதுசா கடன் எதுவும் வாங்கிடாதீங்க” என்று வங்கி மேடம் சொல்லியிருந்தார். தலையாட்டியிருந்தோம். எங்களுக்கு யார் கடன் கொடுக்கப் போகிறார்கள்? தவணை எங்கள் நினைவுக்கே வரவில்லை. அது தவணைதானே!

கடையில் சேல்ஸ்மேன் மளமளவென்று விவரங்களைத் தட்டினார்.

“விலாசம், மேடம்?”

“இப்போ வாடகை வீடு சார். பத்து நாள்ல சொந்த வீட்டுக்குப் போறோம். லோன் கிடைச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் விரல் நின்றது. பின்னால் நின்ற மேனேஜரை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஸாரி மேடம். உங்க பேரை சிஸ்டம் ஏத்துக்கல.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேற கம்பெனி தவணை ஏதாவது…?”

“வேண்டாம் மேடம். பக்கத்துக் கடைக்கும் போகாதீங்க. எங்க போனாலும் இதே கதைதான்.”

காது சிவந்துவிட்டது. பெற்ற தாயிடம்கூட இப்படிப் பேச்சு வாங்கியதில்லை.

வீட்டுக்கு வந்து கடை மேனேஜருக்கு இரண்டு பக்கம் புகார் எழுதி அனுப்பினேன். கான்வென்ட் கையெழுத்து. ‘வாடிக்கையாளரை அவமதிக்கும் பணியாளர்’ என்று தலைப்பு, அதற்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு.

அதற்கப்புறம் தூக்கமே இல்லை. ஒரு மெஷினுக்கே நம்பாத பெயரை, ஒரு வீட்டுக்கு எப்படி நம்புவார்கள்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

கையெழுத்து நாள். வங்கி மேடம் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

“கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன். நேத்துகூட ஒருத்தருக்குக் கடனை நிறுத்திட்டோம். நடுவுல தவணையில டிவி எடுத்திருக்கார். கேட்டா, ‘அது கடன் இல்ல மேடம், தவணை’ங்கிறார்!”

சிரித்தார். இவர் என்னைப் பார்த்தார்.

“ம்ம்… சுத்தமா இருக்கு. யாரும் கடனுக்காக உங்க பேரைத் தட்டிக்கூடப் பார்க்கல.”

“மேடம்… கேட்டு, அவங்க இல்லேன்னு சொல்லியிருந்தா?”

“அதுவும் இதுல தெரியுமே.”

அப்படியானால் அந்தக் கடை மனுஷர் என் பெயரை அனுப்பவே இல்லை!

கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கின கையோடு கடைக்கு ஓடினேன். அவர் நாற்காலியில் ஒரு பெண்.

“அவரா? யாரோ புகார் கொடுத்துட்டாங்க மேடம். டெலிவரி வேனுக்கு மாத்திட்டாங்க.”

அந்தப் பெண்ணிடமே ஒரு மெஷினுக்குத் தவணை எழுதினேன். இரண்டே நிமிடம்.

மறுநாள் மாலை, புது வீட்டுக்கு மெஷின் வந்தது. டிரைவரோடு மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறி வந்தவர், அவர்தான். இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். டிரைவர் வண்டியைத் திருப்பக் கீழே போனார்.

“என்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறார். வாங்காதீங்கன்னு எப்படிச் சொல்றது? போன வருஷம் ஒரு ஜோடிக்கு இதே மாதிரி தவணையில கட்டில் வித்தேன் மேடம். கட்டில் வந்துடுச்சு. போட வீடுதான் வரல.”

“அந்தப் புகார்… நான்தான் எழுதினேன்.”

“தெரியும். என்னையேதான் சத்தமா படிக்கச் சொன்னாங்க. ரெண்டு பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இல்ல!”

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

“நாளைக்கே வந்து நடந்ததை அப்படியே சொல்லிடறேன் சார்.”

“ஐயையோ! உங்க பேரை அனுப்புற பட்டனை அமுக்கலைன்னு தெரிஞ்சா, இந்த வேன் வேலையும் போயிடும்.”

“அப்போ நான் எழுதினது பொய்யின்னு எழுதித் தரேன்.”

“பொய்யெல்லாம் எதுக்கு? கோவத்துல எழுதினதுன்னு போடுங்க. அது நிஜம்தானே?”

மெஷின் பெட்டியின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினேன். நாலே வரி. அதற்குள் இரண்டு இடத்தில் மை கலைந்துவிட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சார் வேலைக்குப் போயிட்டாரா? புது இடம், தனியா இருக்கீங்க. உள்ள தாழ் போட்டுக்குங்க மேடம்.”

கதவைச் சாத்தினேன். வெளியே அவர் படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை. ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தாழ்ப்பாளை அழுத்தி இழுத்துப் போட்டேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், அவர் படியிறங்கினார்.