பேதி கண்ட வீடு

பொன்னாயி வீட்டுக்குத் துக்கம் கேட்க ஒருவர்கூட வரவில்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் அப்படி வழக்கமே கிடையாது. பகையாளி வீட்டுச் சாவுக்குக்கூட வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள். அவள் புருஷன் குழந்தைவேலுக்கோ ஊரில் பகை என்று யாரும் இல்லை.

காரணம் பொன்னாயிக்குத் தெரியும். அவன் வாந்திபேதியில் போனதாக அவளேதான் சொல்லியிருந்தாள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அந்தக் கோடையில் பேதி பல ஊர்களில் ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தது. பேதி கண்ட வீட்டில் யார் கால் வைப்பார்கள்?

உண்மையில் குழந்தைவேல் தானே உயிரை மாய்த்துக்கொண்டான். அது அவளுக்கும் அவன் அண்ணன் பெரியசாமிக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், உடம்பை டவுனுக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள், வயதுக்கு வந்த மகளை எவனும் கட்டமாட்டான் என்று பெரியசாமிதான் பேதிக் கதையைக் கட்டினான். விடிந்தும் விடியாமலும் அடக்கத்தை முடித்தான். இனி இந்தப் பேச்சே எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், திரும்ப வரவில்லை.

பொய் நன்றாகவே நின்றது. பொன்னாயிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவன் சாவதற்கு முதல் நாள் சாயங்காலம் சோளக்காட்டு வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. ராத்திரி கேட்டுக்கொள்ளலாம் என்று போய்விட்டாள். ராத்திரி அசதியில் தூங்கிப்போனாள்.

இதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். மகளிடம் சொல்லக்கூடியதா இது?

மற்றவர்களை விட்டுத்தள்ளலாம். பக்கத்து வீட்டுச் சென்னியம்மாளை எப்படி விடுவது? அவள் பேரன் செத்தபோது பொன்னாயி தன் வீட்டு அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அங்கேயே கிடந்தவள். அவளோ இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கஞ்சி குடித்தாயா என்று கேட்பதோடு சரி.

ஆடி பிறந்ததும் பொன்னாயி தானே போனாள். சென்னியம்மாள் கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, பேதி வந்துபோயி மாசக்கணக்காச்சு. இன்னுமா ஒட்டிக்கும்? உசுரு மேல அத்தனை ஆசையா உங்களுக்கு?"

சென்னியம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"பேதி கண்ட ஊட்டை நாங்க பாக்காததா? பேதி கண்டவனை ராத்திரி பூரா வெளக்கு வெச்சுல்ல பாக்கோணும்? அன்னைக்கு உன்ற ஊட்டுல ஒரு வெளக்கு எரியலை. மறுநாள் அழுக்குத் துணி ஒண்ணு வெளுக்கப் போவலை. ஊருக்கே அன்னைக்கே தெரியும் தாயி."

பொன்னாயி உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சென்னியம்மாள் குரலைத் தாழ்த்தி மற்றதையும் சொன்னாள். ஊர் மணியகாரர் பேதிச் சாவு என்று சர்க்காருக்குத் தகவல் அனுப்பியதும் பேதித் தடுப்பூசி போடுகிறவர் வந்து இறங்கினார். வீண் ஊசி என்று தெரிந்தே ஊர் மொத்தமும் கல்யாணப் பந்திக்கு நிற்கிற மாதிரி வரிசையில் நின்று கையை நீட்டியது. கிழவன் ஆண்டிக்குக் கை வீங்கிக் காய்ச்சலே கண்டது. மனுஷன் வாய் திறக்கவில்லை. எவனாவது முரண்டு பிடித்தால் பொய் உடைந்துபோகும் அல்லவா?

துக்கம் கேட்க வராததும் அதனால்தானாம்.

"பேதி ஊட்டுல பயமில்லாம வந்து உக்காந்தா வெளியூருல இருந்து பாக்கறவிய என்ன நெனப்பாங்க? அதுவுமில்லாம, நாங்க வந்தா நீ அழுவே. அழுவுறப்ப வாய் தவறி நெசத்தைச் சொல்லிப்போடுவே. அதான் உன்ற மானத்துக்காக ஊரே ஒதுங்கி நின்னோம்."

பொன்னாயி கீழே சிதறிக் கிடந்த கம்பைப் பொறுக்கி உரலில் போட்டாள்.

"அதைச் சொல்றதுக்குத்தானுங்க அக்கா, ஒரு ஆளு வராதான்னு வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன்" என்றாள்.