மெஷின் நலம், அப்பா நலம்

“நகர முடியவில்லை. உதவி தேவை.” சாந்தோம் வீட்டிலிருந்து வந்த இந்தச் செய்தியை கிளிஃபர்ட் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தான்.

அனுப்பியது அம்மா இறந்தபின் அங்கே தனியாக இருக்கும் அப்பா ஃபிரெட்ரிக் இல்லை. அவர் வீட்டில் தரை பெருக்கும் ரோபோ. தன் அசோக் நகர் வீட்டுக்குப் புதுசு வாங்கியபோது, ஏழு வருடம் உழைத்து ஓய்ந்த அந்தக் கிழட்டு மெஷினை கிளிஃபர்ட் அப்பா தலையில் கட்டினான்.

கூடவே பெரிய மனதோடு ஓர் ஏற்பாடும் செய்தான். தினமும் காலை பத்து மணிக்கு அது ஓடி முடித்தால் அவன் போனுக்குத் தகவல் வரும். மெஷின் ஓடினால் அப்பா நலம். பிறகு எதற்கு நேரில் போய், பார்க்கிங் தேடி அலைவது?

மெஷினுக்கு எல்லாப் பணிவிடையும் அப்பாதான். போன மாதம் வரிசையாக மூன்று ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அவரே கூப்பிட்டார்.

“கிளிஃபர்ட், உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்ப்பா...”

“மெஷின்தானே? பிரஷ்ல முடி சுத்தியிருக்கும். கத்தரிக்கோலால வெட்டி எடுங்க.”

அடுத்த ஞாயிறு, “ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க” என்றான். அதற்கடுத்த ஞாயிறு, “பழசுன்னா அப்படித்தாம்ப்பா இருக்கும்” என்று சலித்துக்கொண்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. மகனுக்கு அதில் நிம்மதிதான்.

இப்போது அப்பாவின் போன் அணைந்து கிடந்தது. மெஷின் சிக்கினால் பத்தே நிமிடத்தில் எடுத்துவிடும் மனுஷன் இரண்டு நாளாக எடுக்கவில்லையே! கிளிஃபர்ட் காரை எடுத்துக்கொண்டு பறந்தான். ஆனாலும் தி.நகர் சிக்னலில் பச்சை விழுவதற்குள், சாந்தோம் வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா என்று யோசித்து முடித்திருந்தான். பிள்ளையல்லவா, பொறுப்பு இருக்கத்தானே செய்யும்!

வீடு பூட்டியிருந்தது. கீழ் வீட்டு பவுல்சாமியிடம் மாற்றுச் சாவி இருந்தது. அவர் வந்து திறந்துவிட்டார்.

உள்ளே அப்பா இல்லை. கூடத்தின் நடுவில் மெஷின் மட்டும் அசையாமல் கிடந்தது. புரட்டிப் பார்த்தான். பிரஷ் முழுக்க வாடிய ரோஜா இதழ்களும் மாலை நாரும் சுற்றிக்கொண்டிருந்தன.

கிளிஃபர்ட் பவுல்சாமி பக்கம் திரும்பினான். “எப்போ அங்கிள்?”

“திங்கக்கெழமை தம்பி. கோயில் நெறைய ஜனம். ஃபாதர் ஜோரா பிரசங்கம் வெச்சாரு.”

“பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாம அடக்கம் பண்ணிட்டீங்களே! கடைசியா அப்பா முகத்தைக்கூடப் பார்க்க விடலையே!” கிளிஃபர்ட் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பவுல்சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“அடக்கமா? இன்னாபா உளறிக்கினு கீற? அவரும் லிண்டா டீச்சரும் ஜோடியா வேளாங்கண்ணி போயிருக்காங்க. கல்யாணத்துக்குத் தடை இருந்தா சொல்லுங்கன்னு மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிச்சாங்களே, நீ எங்கபா போன?”