பாம்பு நுழையாத கூடு

கிணற்றுக்கு மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் ஆண் தூக்கணாங்குருவி ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் குடித்தனம். இல்லையென்றால் அந்த வருஷம் ஒண்டிக்கட்டை.

போன வருஷம் பாம்பு முட்டையைக் குடித்துவிட்டது. அதனால் இந்தத் தடவை வாசல் குழாயை ஒரு முழம் தொங்கவிட்டது. மனசு கேட்காமல் இன்னொரு முழம் பின்னியது. உள்ளே வளைவு வைத்து, பொய் வாசலும் வைத்தது.

பெட்டை வந்து நுழைந்தது. பொய் வாசலில் முட்டி, வளைவில் சிக்கி, இறகு கலைந்து வெளியே விழுந்தது.

"எப்படி? பாம்போட பாட்டன் வந்தாலும் நுழைய முடியாது!"

"என்னாலயே முடியலையேய்யா! வாயில புழுவோட நாள் முழுக்க இதுக்குள்ள போய் வரணும். நான் வழி தேடுறதுக்குள்ள குஞ்சு பட்டினியில செத்துரும்."

"பாம்பு வந்தா?"

"வரத்தான் செய்யும். அதுக்கு முதல் முழமே போதும். மிச்சமெல்லாம் உன் பயத்துக்குக் கட்டினது."

பெட்டை அடுத்த ஓலையில் இன்னொரு ஆண் கட்டியிருந்த, ஒரு முழ வாசல் வைத்த கூட்டுக்குக் குடிபோனது.

மழை ஓய்ந்தபோது அந்தக் கூட்டில் குஞ்சுகள் கத்தின. நம்ம குருவி மூன்றாவது முழம் பின்னிக்கொண்டிருந்தது. கீழே வந்த பாம்பு நம்ம குருவியின் கூட்டை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே அதற்கு என்ன இருக்கிறது?