இடது இமை

முகவாதம் வந்த நாளிலிருந்து, ஆறு வாரமாக, தையல்காரரின் மனைவிக்கு இடது கண் மூடவே இல்லை. இரவில் பிளாஸ்திரி ஒட்டித்தான் தூங்குகிறாள். பகலில் கண் காய்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. அதற்காக வாங்கிய, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கட்டிலருகே வைத்து, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்துகிறார் அவர். மெல்லிய முனகலோடு மேலெழும் ஈரப்புகை, ஜன்னல் வழியாக வரும் காலை வெயிலில் இழை இழையாகப் பிரிந்து அவள் பக்கம் போகிறது. "என்னங்க, என்னை அவிச்சு எடுக்கப் போறீங்களா?" பாதி வாயால் சிரிக்கிறாள். "சும்மா இரு. எரிச்சல் எப்படி இருக்கு?" "இப்பதான் கொஞ்சம் இதமா இருக்கு." புகை முகத்தில் நேராகப் படாமல் மூடியைத் திருப்பிவிட்டு நிமிர்கிறார். அவளுடைய வலது கண் இமைக்கிறது. கூடவே இடது இமையும் நடுங்கி, தயங்கி, மெல்லக் கீழே இறங்குகிறது. அதன் மயிர்நுனிகள் கன்னத்தைத் தொட்டுவிட்டு மேலேறுகின்றன. அவர் கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. இமை மூடித் திறந்ததை அவள் உணரவில்லை. "ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்கிறாள். அந்த இமை மறுபடி இறங்குகிறது. அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.