சொல்லிக்கொண்டு போனவள்

“எழவு வீட்டுல உட்கார்ந்து எழுந்தவ, போயிட்டு வர்றேன்னு சொல்லுவாளா? இந்த வீட்டுல இன்னொரு எழவு விழணுமா உனக்கு?”

தனபாக்கியம் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

திட்டு வாங்கிக்கொண்டு நின்றவள் நீலாம்பாள். சமூக நலத்துறை வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறில் அடிபட்டுச் செத்த வீரையனின் வீட்டுக்கு, ஆறாம் நாள் வந்திருந்தாள். வீரையனின் அக்காதான் இந்தத் தனபாக்கியம்.

வீரையன் பெண்டாட்டி காத்தாயி ஆறு நாளாக வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. கஞ்சி வைத்த இடத்திலேயே ஆடை கட்டிக் கிடந்தது. மடியில் எட்டு மாதக் கைப்பிள்ளை பாலில்லாமல் வாடிக்கொண்டிருந்தது.

நீலாம்பாள் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டைக்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் எல்லாம் சரி.

எழுந்திருக்கும்போதுதான் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

“போயிட்டு வர்றேன்க்கா. அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றேன்.”

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும். விவரம் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். நீலாம்பாளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் சென்னையில் இரண்டு மாதம் டிரெயினிங்கில், ‘மறுபடி எப்ப வருவோம்னு சொல்லாம யார் வீட்டை விட்டும் கிளம்பாதீங்க’ என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படிப்பு முந்திக்கொண்டது.

சேதி அவளுக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மேலதிகாரி இராஜாங்கம் அவளை நிற்க வைத்தே கேட்டார்.

“நீ தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்தவதானேம்மா?”

“ஆமா சார்.”

“அந்த வீட்டுக்குப் பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் கார்ல வந்தாங்க. இந்தக் கொடிக்காரங்க வந்தாங்க, அந்தக் கொடிக்காரங்க வந்தாங்க. மாலை போட்டாங்க, கும்பிட்டாங்க, சத்தமில்லாம எழுந்து போயிட்டாங்க. நானும் ரெண்டாம் நாளே போயி அப்படித்தான் வந்தேன். அதுக்குப் பேரு முறை.”

“தப்புதான் சார். வாய் தவறிடுச்சு.”

“இனிமே அந்தத் தெருப்பக்கம் போகாதே. வேற யாரையாவது அனுப்பறேன்.”

“செவ்வாய்க்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேனே சார்.”

“சொன்னதுதாம்மா தப்பே.”

வேறு யாரையும் அவர் அனுப்பவில்லை. ஆள் இருந்தால்தானே.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தெருவுக்கு அது போதாதா? “சொல்லிட்டுப் போனாளே ஒரு புண்ணியவதி, அவ வாய் முகூர்த்தம்” என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை நீலாம்பாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடக்க வேண்டும். வழியெல்லாம் பயமாகத்தான் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று மதகடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்தாள்.

தனபாக்கியம் வாசலிலேயே விளக்குமாற்றோடு நின்றாள்.

“வந்துட்டியா? தம்பியைத்தான் பறிகொடுத்தோம். இப்பப் பிள்ளையையும் வாரிக்கிட்டுப் போக வந்தியா?”

“பிள்ளைக்கு என்னம்மா?”

“மூணு நாளா அனலாக் கொதிக்குது. எல்லாம் நீ சொன்ன சொல்லுதான்.”

“என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்து திட்டுங்க. பதினொரு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் சாயங்காலம்தான்.”

“படி ஏறினே, காலை ஒடிச்சுப்புடுவேன்.”

நீலாம்பாள் படி ஏறவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்ட அப்படியே நின்றாள்.

உள்ளே பாய் சரசரத்தது. பதிமூன்று நாளாக வெளியே வராத காத்தாயி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, பிள்ளையை நீலாம்பாள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

தனபாக்கியம் பதறிப்போனாள். “என்னடி பண்றே? போயிட்டு வர்றேன்னு சொன்னவ கையிலயா பிள்ளையைக் கொடுக்கறே?”

காத்தாயி வாயைத் திறந்தாள். பேச்சோடு அழுகையும் சேர்ந்தே வந்தது.

“களத்துக்குப் போறப்ப அவரும் போயிட்டு வர்றேன்னுதான் அண்ணி சொல்லிட்டுப் போனாரு. வரலை. கார்ல வந்தவங்க எல்லாம் முறை தெரிஞ்சவங்க, ஒருத்தரும் சொல்லிக்கலை. அவங்களும் அதோட வரலை. நான் ஒரு வாரமா செவ்வாய்க்கிழமையை எண்ணிக்கிட்டுத்தான் உசுரை வச்சுக்கிட்டிருந்தேன்.”

நீலாம்பாளின் தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“சொல்லிட்டுப் போயித் திரும்பி வந்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்.”